கலைச்சொல் உதவி: நச்சுக்கழிவுப் பேய்ப்படங்களுக்கு ஒரு பெயர் (அவசரம்)

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரித் திரைப்படத் தாளுக்கு ஒரு கையேடு தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பு கிடைக்காமல் நிற்கிறேன். யாரோ கொட்டிய கழிவிலிருந்தோ வெடித்துப் பார்த்த குண்டிலிருந்தோ ஒரு ராட்சசப் பிராணி கிளம்பும். அதிகாரிகள் உண்மையை அமுக்கப் பார்ப்பார்கள். அந்த வகைப் படங்கள். பாடத்தில் மூன்று: காட்ஸில்லா (1954), அதே வரிசையில் ஹெடோரா என்னும் கசடு அரக்கன் வரும் 1971 படம், கொரியாவின் தி ஹோஸ்ட் (2006). இப்போதைக்கு 'சூழலியல் திகில்' என்று போட்டிருக்கிறேன். மாணவர்கள் மரம் நடுகிற படம் என்று நினைத்துவிடுவார்கள்.

தேவகி:
'நச்சுத்திகில்'. இதற்கு எதற்கு இத்தனை யோசனை? மூன்றுக்கும் பின்னால் இருப்பது நிஜ நஞ்சுதானே. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார், நவம்பரில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. ஹோஸ்ட் படத்தின் முதல் காட்சியும் அப்படித்தான்: 2000-இல் சியோலில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தின் பிணவறையிலிருந்து பார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றினார்கள், செய்தி வெளியானதும் நாடே கொதித்தது.

பொன்னுசாமி:
தேவகி அம்மையாரின் 'நச்சு' சரி. 'திகில்'தான் உறுத்துகிறது. கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு. சங்க நூல்களில் நான் கண்டதில்லை. தொல்காப்பியர் 'பேநாம் உரும்என வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்று மூன்று சொற்களைக் கையில் கொடுத்திருக்கிறார். பேம் என்பதிலிருந்தே பேய் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. பேமுறு, பேதுறு, பேந்தப் பேந்த விழித்தல் எல்லாம் ஒரே வேர். எனவே 'நச்சுப்பேம்'.

தேவகி:
ஐயா, 'நச்சுப்பேம்' பல்பொடிப் பெயர் மாதிரி இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இருந்தால் அது நம் குடும்பச் சொல்தானே, எதற்கு விரட்ட வேண்டும்?

இளவழகன்:
'நச்சு' என்றாலும் சிக்கல்தான். நச்சுதல் என்றால் விரும்புதல். வள்ளுவரே இதை வைத்து விளையாடியிருக்கிறார்: 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' (1008). இந்தக் காலத்துப் பையன்கள் 'நச்சுனு ஒரு திகில்' என்று படிப்பார்கள், அதுவும் ஒருவகை விளம்பரம்தான்.

ஆனால் தொல்காப்பியம் என்று போனால் சொற்பொருள் சொல்லும் உரியியலில் நிற்கக் கூடாது, உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலுக்குப் போக வேண்டும்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அச்சம் பிறக்கும் நாலாவது இடம் தம் இறை, அதாவது நம் அரசன். ஹோஸ்ட் படத்தைப் பாருங்கள். ஆற்றில் இருப்பது விலங்கு. ஆனால் அந்தக் குடும்பம் பெரும்பாலும் ஓடுவது விலங்கிடமிருந்து அல்ல; வைரஸ் பரவுகிறது என்று சொல்லி அவர்களைப் பிடித்து அடைக்கிற அரசிடமிருந்து. கடைசியில் வைரஸே கிடையாது. காட்ஸில்லாவிலும் நாடாளுமன்றக் காட்சி ஒன்று உண்டு. விஷயத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒரு உறுப்பினர் எழுந்து பேச, பெண் உறுப்பினர்கள் சீறுவார்கள். ஆகவே 'இறையச்சப் படம்'.

நஜீம்:
இளவழகன் அண்ணன், அருமையான இடம். ஆனால் 'இறையச்சம்' எங்களிடம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் அந்தச் சொல் வராத வாரமில்லை. கையேட்டைப் பார்த்தவர் பக்திப் படம் என்று பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். மட்டக்களப்புப் பக்கம் பயமுறுத்துவதை 'வெருட்டுறது' என்போம். குறளில் 'வெருவந்த செய்யாமை' என்று அரசனுக்கே ஒரு அதிகாரம் இருக்கிறதே? 'வெருள்படம்' என்றால் உங்கள் நாலாவது அச்சமும் உள்ளே வந்துவிடும்.

கயல்விழி:
வெருள்படம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே வகுப்பில் ஒருவருக்கும் புரியாது. இன்னொன்று: அதிகாரிகள் செய்வதற்கு என்ன பெயர்? 'மூடிமறைப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

பொன்னுசாமி:
'கரவு' இருக்க இரட்டைச் சொல் எதற்கு? 'காக்கை கரவா கரைந்துண்ணும்.' காகம்கூட மறைக்காமல் கரைந்து கூப்பிட்டு உண்கிறது.

தேவகி:
காகம் மறைக்காதது சோற்றை, ஐயா. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக்காரர்கள் மறைத்தது அப்படியா? தொழிற்சாலை மருத்துவமனையின் மருத்துவரே 1959-இல் ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனைக்கும் ஊர்க்காரர்களுக்கு வந்த அதே நோய் வந்தது. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். ஒன்பது வருடம் கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது, சனங்கள் மீன் தின்றுகொண்டே இருந்தார்கள். ஹெடோரா படம் வந்தது அதற்கு மூன்றே வருடம் கழித்து. 'கரவு' என்றால் இதெல்லாம் ஏதோ காதலர் நாணம் போலத் தொனிக்கிறது. மூடினார்கள், மறைத்தார்கள், இரண்டு வினையும் வேண்டும்.

இளவழகன்:
ஒரு குறுக்குக் கேள்வி. ஹெடோராவில் யாரும் பெரிதாக எதையும் மறைப்பதில்லையே? புகையும் கசடும் எல்லார் கண்முன்னும் இருக்கின்றன. ராணுவம் சரியான நேரத்தில் சொதப்புகிறது, அவ்வளவுதான். அது இந்த அத்தியாயத்தில் இருக்கலாமா?

கயல்விழி:
அண்ணா, படத்தை மாற்ற இப்போது நேரமில்லை. 'நச்சுத்திகில்', 'மூடிமறைப்பு' இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். மெய்ப்பாட்டியல் நூற்பாவை அத்தியாயத்தின் தலையில் போடுகிறேன். நஜீம் அண்ணாவின் வெருள்படம் அடிக்குறிப்பில் வரும்.

நஜீம்:
அடிக்குறிப்பு போதும். அடுத்த பதிப்பில் மேலே ஏற்றிவிடலாம்.

பொன்னுசாமி:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். 'நச்சுத் திகில்' என்று பிரித்து அச்சிட்டாலும் வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் ஒற்று மிகும்; அச்சகத்தில் 'த்'-ஐத் தின்றுவிடப் போகிறார்கள், மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். பேம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.