மறுமொழி: பள்ளியில் உள்ள ‘மென்டார்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> பி.எட். மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு கையேடு தயாரிக்கிறோம். மென்டாருக்கு ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தவர் ‘இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துமே’ என்கிறார். வேறு சொல் உண்டா?

நண்பர்களே,

படித்துப் பார்த்தவர் பக்கம்தான் நான். வழிகாட்டி நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டி, புத்தகக் கடையில் தேர்வு வழிகாட்டி. இந்தக் கையேட்டிலோ ஒரே பக்கத்தில் மூன்று பேர் வருவார்கள்: கல்லூரியிலிருந்து எப்போதாவது வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறவர், பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் பள்ளியில் பொறுப்பாக இருப்பவர், மாணவ ஆசிரியரைத் தன் வகுப்புக்குள் விடும் பாட ஆசிரியர். மூவருமே வழிகாட்டுகிறவர்கள்தான்.

ஆங்கிலச் சொல்லே ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1987-இல் உள்ளூர்ப் பள்ளிகளோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் மென்டார் என்றால் பாட ஆசிரியர். பள்ளி முழுமைக்கும் பொறுப்பானவருக்கு வேறு பெயர். சிங்கப்பூரில் இது தலைகீழ்: வகுப்பைப் பகிர்ந்துகொள்பவர் ‘ஒத்துழைக்கும் ஆசிரியர்’, பள்ளி அளவில் ஒருங்கிணைப்பவருக்குத்தான் மென்டார் பட்டம். ஆகவே அந்தச் சொல்லின் பின்னால் ஓடாமல், வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

என்ன வேலை? ஆறாம் வகுப்பில் ஒரு மாணவ ஆசிரியர் பின்னங்களின் கூட்டலை நடத்தி முடிக்கிறார். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஆசிரியர் பதிவேட்டை வாங்கி, ‘குரல் தெளிவு, கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார், நேர மேலாண்மை தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். சில இடங்களில் இதுவும் இல்லை. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு அனுப்ப ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். ஆனால் அதே ஆசிரியர் மணி அடித்ததும், “நாலாவது வரிசையில ஒரு பொண்ணு 1/3-யும் 1/4-யும் கூட்டி 2/7-ன்னு எழுதியிருந்தாளே, பாத்தீங்களா? எப்படி யோசிச்சிருப்பா? நாளைக்கு அவளுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டால் அது வேறு வேலை. மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டிவிட்டாள் என்று மாணவ ஆசிரியரே கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

இருபது வருடம் கணக்கு நடத்தியவருக்கு இந்தத் தவறு எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வராது. ஆக்ஸ்ஃபோர்டு திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டொனால்டு மக்கின்டயர் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்: அனுபவ ஆசிரியரின் கைத்திறமை அவருக்கே புலப்படாமல் இருக்கிறது, அதைப் பேச்சில் வரவைப்பதுதான் கஷ்டம். நன்றாகப் பாடம் நடத்துகிறவர் தானாகவே நல்ல மென்டாராகிவிடுவார் என்று விட்டுவிட முடியாததும் இதனால்தான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, பள்ளிப் பயிற்சியையும் 20 வாரமாக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அத்தனை வாரமும் யாரோ ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம். ‘ஆசிரியர் பயிற்றுநர்’ தமிழ்நாட்டில் வட்டார வள மையத்தில் இருக்கும் பதவி. ‘ஆசிரிய ஆலோசகர்’ இலங்கையில் பதவி. ‘நெறியாளர்’ என்றால் ஆய்வேடு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் தொலைக்காட்சி விவாதம்.

முந்தைய மடலில் ஒருவர் சொன்ன ‘ஆற்றுப்படுத்துநர்’ எனக்கும் பிடித்த சொல். இரண்டு தடை. உளவியல் ஆலோசனைக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொன்று, ஆற்றுப்படையில் பரிசில் பெற்ற பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவான். கூட நடக்க மாட்டான். நமக்கு வேண்டியவரோ கூட நடக்கிறவர்.

என் முன்மொழிவு: பயில்துணையாளர். பேச்சில் பயில்துணை. பயில்கிறவருக்குத் துணை. ‘துணை என்றால் கீழ்ப்பதவி மாதிரி ஒலிக்காதா?’ என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். சொல்லின் முன்னால் வந்தால்தான் அப்படி: துணைவேந்தர், துணை ஆட்சியர். பின்னால் வந்தால் உடனிருப்பவர்: வழித்துணை, உளவளத்துணை. வள்ளுவரின் ‘இடிக்குந் துணையார்’ தட்டிக்கேட்கும் துணை. தலையாட்டும் துணை அல்ல. பயிற்சிக் கையேட்டுக்கு இந்தப் பொருள் மிகவும் வேண்டும், ஏனென்றால் மாணவ ஆசிரியர்களின் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ‘நன்று’ போடும் ஆசிரியர்கள் நம்மிடம் நிறைய.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. பயில்துணைப் பயிற்சி, பயில்துணை உரையாடல், பயில்துணை நேரம் (கால அட்டவணையில் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்காவிட்டால் மற்றதெல்லாம் காகிதம்தான்). ஆசிரியர் கல்வி ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹாப்சனும் ஆஞ்சி மால்டெரெசும் 2013-இல், கேட்பதற்கு முன்பே மதிப்பெண் போட்டுவிடும் மென்டார்களைப் பற்றி எழுதியபோது, தீர்ப்பையும் மென்டாரிங்கையும் ஒட்டி ஒரு கேலிச்சொல் செய்தார்கள். அதற்கும் நமக்கு ‘தீர்ப்புத்துணை’ கிடைக்கிறது.

மென்டிக்கு, அதாவது மென்டாரிடம் பயில்கிறவருக்கு, புதுச்சொல் வேண்டாம். மாணவ ஆசிரியர் போதும். பதிவேட்டின் கையெழுத்து இடங்களில் ‘பயில்துணையாளர்’, ‘பள்ளி ஒருங்கிணைப்பாளர்’, ‘கல்லூரி மேற்பார்வையாளர்’ என்று மூன்றையும் அச்சிட்டுவிடுங்கள். யார் எதற்குப் பொறுப்பு என்ற குழப்பம் பாதி அங்கேயே தீரும்.

சொற்பட்டியல் முழுவதையும் குழுமத்தில் போட முடியுமா? நடத்திய பாடத்தைத் திரும்ப யோசிப்பதற்கு எங்காவது ‘பிரதிபலிப்பு’ என்று போட்டிருந்தால் அடுத்த சண்டை அதற்குத்தான்.