ஆச்சி முகம் கறுத்துவிடுகிறது, இல்லையென்றால் சேலை வெளுத்துப்போகிறது: போர்ட்ரெய்ட் எடுக்க உதவி வேண்டும்

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பழைய வீட்டில் ஆச்சி இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை 80 முடிகிறது. அன்றைக்குப் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) மாட்ட 12க்கு 18 அங்குலத்தில் ஒரு படம் வேண்டும், அதை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆச்சி இன்னும் காதில் பாம்படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாம்படக் காது இப்போது அவர்கள் ஒருவருக்குத்தான். முகமும் பாம்படமும் இரண்டும் தெளிவாக விழ வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

கேமரா கேனான் 1500டி. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் இருக்கிறது, நண்பரிடம் இரவல் வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் இருக்கிறது. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்று மூன்று இடத்தில் எடுத்துப் பார்த்தேன். படத்தை வெளியே போட ஆச்சிக்கு இஷ்டமில்லை. அதனால் அளவுகளை எழுதுகிறேன்: லென்ஸ் துளை (எஃப் எண், எண் சிறிதானால் துளை பெரிது), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில், ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ).

முதல் படம் திண்ணையில், பின்னால் தெரு வெயில். கிட் லென்ஸ் 55இல், எஃப் 5.6, 1/500, ஐஎஸ்ஓ 100. தெரு அழகாக விழுந்திருக்கிறது, ஆச்சி முகம் கரி பூசியதுபோல் இருக்கிறது.

இரண்டாவது, நண்பகலில் முற்றத்து வெயிலில். எஃப் 5.6, 1/250, ஐஎஸ்ஓ 100. பின்னால் தாழ்வாரம். ஆச்சி வெள்ளைச் சேலைதான் கட்டுவார்கள். அதில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தாள் மாதிரி. கண் இரண்டும் குழிக்குள் இருட்டு.

மூன்றாவது, உள் அறையில் 50 எம்எம் போட்டு, எஃப் 1.8, 1/30, ஐஎஸ்ஓ 800. ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து எடுத்தேன். முந்தானை மடிப்பு ஊசிபோலத் தெளிவு. கண் மங்கல். பாம்படம் இருக்கும் இடமே தெரியவில்லை.

எல்லாமே ஏவி மோடில், அதாவது எஃப் எண்ணை நான் வைப்பேன், ஷட்டரைக் கேமராவே வைத்துக்கொள்ளும். கேமராவில் கோளாறா, என் கையில் கோளாறா? ஆச்சியால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. அதனால் அடுத்த முறை உட்காரவைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

மின்னல்கொடி:

பிளாஷைத் தூக்கிவிட்டு எடுங்கள். திண்ணைப் படம் உடனே சரியாகிவிடும்.

தாமிரபரணிக்கரை:

நன்றி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முகம் வெளிச்சமாகிவிட்டது. ஆனால் சுருக்கமெல்லாம் தட்டையாகிவிட்டது, பாம்படத்தில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பளீரென்று அடிக்கிறது, தங்கம் மாதிரியே இல்லை. ஆச்சிக்கும் கண் கூசுகிறது.

பழைய ஸ்டுடியோ:

தம்பி, கேமராவில் கோளாறு இல்லை. உங்கள் அளவுகளிலேயே காரணம் இருக்கிறது.

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு எது முகம், எது சேலை என்று தெரியாது. எதிரில் இருப்பதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். திண்ணையில் வெயில் தெரு பாதிப் படத்தை அடைத்துக்கொண்டது, அதைக் கேமரா குறைத்தது, ஆச்சியும் சேர்ந்து இருட்டிவிட்டார்கள். முற்றத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பின்னால் தாழ்வாரம் இருட்டு, அதை வெளிச்சமாக்கக் கேமரா கூட்டியது, சேலை வெந்துபோயிற்று.

எவ்வளவு கூடிவிட்டது என்று கணக்கே போடலாம். பிலிம் காலத்தில் எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணே ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப் 16இல் 1/100. அதையே எஃப் 5.6க்கு மாற்றினால் அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, மூன்று ஸ்டாப் திறக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), ஷட்டர் 1/800 ஆக வேண்டும். உங்களுடையது 1/250. ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் வெளிச்சம். வெள்ளைத் துணி அதைத் தாங்காது.

ஆனால் 1/800 வைத்திருந்தாலும் அந்தப் படம் நன்றாக வந்திருக்காது. உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். எண்ணை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, ஆளைத்தான் நகர்த்த வேண்டும்.

பிளாஷை மறந்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன விளக்கு அது. நேராக அடித்தால் நிழலே விழாது, நிழல் இல்லாமல் சுருக்கம் தெரியாது. தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். சின்ன விளக்கைக் காட்டினால் சின்னப் புள்ளி. முற்றத்துக்கு மேலே இருக்கிற வானத்தைக் காட்டிப் பாருங்கள், பாம்படத்தின் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாக ஒளி ஓடும்.

தாழ்வாரத்தில், முற்றத்து விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நாற்காலி போடுங்கள். காலையில் வெயில் முற்றத்துக்குள் இறங்குவதற்கு முன். ஆச்சி முகம் முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும். நீங்கள் முற்றத்தில் நில்லுங்கள். மேலே கூரை இருப்பதால் உச்சந்தலையில் ஒளி விழாது, எதிரிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும். பின்னால் வீட்டு இருட்டு தானாகவே நல்ல பின்னணி. அந்தக் கால ஸ்டுடியோக்களில் கூரையில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்ததும் இதற்காகத்தான், நேர் வெயில் படாத வான வெளிச்சம் வேண்டும் என்று. உங்கள் வீட்டைக் கட்டியவர்கள் அதைச் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கரிசல்நிலா:

அண்ணாச்சி ஒளியைச் சொல்லிவிட்டார். நான் மூன்றாவது படத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதில் இரண்டு தவறு கலந்திருக்கிறது.

ஒன்று, 1/30. இந்தக் கேமராவின் சென்சார் சின்னது, 50 எம்எம் லென்ஸ் இதில் 80 எம்எம் போலத்தான் பார்க்கும். கையில் பிடித்து எடுக்கும்போது 1/80க்குக் கீழே போனால் நம் கை நடுக்கமே படத்தில் வந்துவிடும். ஆச்சியும் மூச்சு விடுவார்கள், தலையை அசைப்பார்கள், அதனால் 1/160 வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எஃப் 1.8. ஒரு மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. உங்கள் கண்ணிலிருந்து காதுவரை அளந்து பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். பிறகு பாம்படம் எப்படித் தெளிவாகும்? ஆச்சியிடமிருந்து இரண்டு மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போய் எஃப் 4 வையுங்கள், ஆழம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் ஆகிவிடும். எஃப் 5.6 என்றால் 30க்கு மேல். பின்னணி கொஞ்சம் குறைவாக மங்கும், ஆனால் பின்னால் இருட்டுதானே, பரவாயில்லை.

முகத்தை நேராக வைக்காமல் கால்வாசி திருப்பச் சொல்லுங்கள். நம் பக்கம் இருக்கும் காதுக்கும் கண்ணுக்கும் உள்ள தூர வித்தியாசம் குறைந்துவிடும், பாம்படம் தோளுக்கு மேல் தொங்குவதும் முழுதாகத் தெரியும். போகஸ் புள்ளியைக் கேமராவிடம் விடாதீர்கள். ஒன்பது புள்ளியையும் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்கும், உங்களுக்கு முந்தானையைப் பிடித்ததும் அதனால்தான். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, நம் பக்கம் இருக்கும் கண்மீது வையுங்கள்.

கிட் லென்ஸை 18இல் வைத்து முகத்தருகே போய் எடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கு பெரிதாகி காது சிறுத்துவிடும். அது லென்ஸின் குற்றம் இல்லை, கிட்டத்தில் நின்றால் எந்த லென்ஸும் அப்படித்தான் காட்டும். இரண்டு மீட்டரில் நின்றால் ஆச்சி ஆச்சியாகவே இருப்பார்கள்.

தாமிரபரணிக்கரை:

ரொம்ப நன்றி. அண்ணாச்சி சொன்ன இடத்தில் இன்று காலை ஒரு குடத்தை வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒளி அருமையாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். தாழ்வாரத்துச் சுவர் பச்சைப் பெயிண்ட், அங்கே டியூப்லைட்டும் எரிகிறது. குடத்துக்குப் பின்னால் வைத்த வெள்ளைத் துண்டு லேசாகப் பச்சையடிக்கிறது. அப்புறம் ஆளை எங்கே நிறுத்துவது, அதாவது படத்தில் எந்த இடத்தில்? கட்டம் போட்டு மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் ஆளை வை என்கிறார்கள், அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?

பழைய ஸ்டுடியோ:

டியூப்லைட்டை அணையுங்கள். வான வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம், பிறகு எதைத் திருத்துவது? பச்சைச் சுவர் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துத் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து வரும் பச்சை நின்றுவிடும், அந்த வேட்டியே முகத்தின் நிழல் பக்கத்துக்கு ஒளியும் கொடுக்கும். பேன்சி ஸ்டோரில் தெர்மாகோல் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை ரொம்பக் கிட்டே வந்தால் நிழலே போய்விடும். ஆச்சி முகத்துச் சுருக்கம் தெரிகிற அளவுக்குத் தள்ளி நிற்கட்டும்.

மோடை எம்-க்கு மாற்றுங்கள், எல்லா எண்ணையும் நீங்களே வைப்பது அது. ஏவி-யில் ஆச்சி கொஞ்சம் சாய்ந்தால் வெள்ளைச் சேலை கூடுதலாக விழும், கேமரா இருட்டாக்கும். நிமிர்ந்தால் பின்னணி இருட்டு கூடும், கேமரா வெளுக்கவைக்கும். வானம் அப்படியே இருக்கும்போது எண் ஏன் மாற வேண்டும்?

கரிசல்நிலா:

இந்த இடத்தில் அண்ணாச்சியோடு நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். மேகம் வந்து போகும் காலையில் புதிதாகக் கற்பவர் எம்-இல் தடுமாறலாம். ஏவி-யிலேயே இருந்துகொண்டு, ஏவி கூட்டல் கழித்தல் பொத்தானை அழுத்திச் சக்கரத்தைத் திருப்பி அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டிக் குறைக்கலாம். வெள்ளை நிறைய என்றால் கூட்டுங்கள், இருட்டு நிறைய என்றால் குறையுங்கள். ஆனால் வானம் ஒரே சீராக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

எதில் எடுத்தாலும் முதல் படத்தை எடுத்துவிட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், வெளிச்சத்தில் நின்றால் திரை ஏமாற்றும். அந்த வரைபடத்தோடு காட்டும் சின்னப் படத்தில் சேலை மினுக்கினால் அங்கே விவரம் போய்விட்டது என்று அர்த்தம். மினுக்கல் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முகம் கொஞ்சம் இருட்டாகத் தோன்றினாலும் ரா கோப்பில் (கேமரா மாற்றாத மூலக் கோப்பில்) எடுத்திருந்தால் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

மூன்றில் ஒரு பங்கு விதி கேமராவுக்காகப் பிறந்ததில்லை. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797இல் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதும்போது சொன்னது, டாகுவேரின் புகைப்பட முறை 1839இல் வெளியாவதற்கு 42 ஆண்டு முன்பு. நல்ல வழிகாட்டிதான், சட்டம் இல்லை. உங்கள் படத்துக்குக் கேமராவை நெடுக்காகப் பிடியுங்கள். கண் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும், ஆச்சி பார்க்கும் பக்கம் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். கை படத்தில் வந்தால் முழுதாக வரட்டும், மணிக்கட்டில் வெட்டினால் கண் அங்கேயே போய் நிற்கும். தலைக்குப் பின்னால் தூண் முளைத்திருக்கிறதா, காலண்டர் தெரிகிறதா என்று ஒருமுறை ஓரம் ஓரமாகப் பாருங்கள். நீங்கள் குத்துக்காலிட்டு, லென்ஸை ஆச்சியின் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் பெரியவர்கள் சிறுத்துப்போவார்கள்.

சிரிக்கச் சொல்லாதீர்கள். பல் இல்லாதவர்கள் உடனே வாயை இறுக்கிக்கொள்வார்கள். பாம்படம் யார் செய்து கொடுத்தது என்று கேளுங்கள்.

தாமிரபரணிக்கரை:

எடுத்துவிட்டேன்! இன்று காலை ஏழே முக்காலுக்கு. வானம் ஒரே சீராக இருந்தது, அதனால் எம் மோடு. எஃப் 5.6, 1/160, ஐஎஸ்ஓ 400. முதல் படத்தில் இடது தோளில் சேலை மினுக்கியது, 1/200க்கு மாற்றினேன், நின்றுவிட்டது. தம்பி தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டான். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தியதும் தலைக்குப் பின்னால் இருந்த தூண் போய்விட்டது.

அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். ஆச்சியின் அப்பா நெல் விற்ற காசில் செய்து போட்டதாம், இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டே வலது பாம்படத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நொடியில் எடுத்ததுதான். விரல் நுனி, காது மடலின் நீண்ட துளை, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. சேலை நூல்கூடத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. பிரிண்ட் போடக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய ஸ்டுடியோ:

கையும் காதும் சேர்ந்து விழுந்ததா? ரொம்பச் சந்தோஷம் தம்பி.

உங்கள் கேமராப் படம் 6000க்கு 4000 புள்ளி, 12க்கு 18 அங்குலத்துக்குப் பங்கு போட்டால் அங்குலத்துக்கு 333 வரும், தாராளம். இரண்டும் ஒரே விகிதம் என்பதால் ஓரம் எதுவும் வெட்டுப்படாது. ஆனால் சட்டம் போடுபவர் சுற்றிலும் கால் அங்குலம் மறைப்பார், பாம்படத்தின் நுனி ஓரத்தை ஒட்டி இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பின்னணி இருட்டைப் பார்த்து மெஷின் வெளுக்கவைத்துவிடும். திரையில் பார்ப்பதைவிடத் தாளில் சற்று இருட்டாகத்தான் வரும், அதனால் முதலில் 4க்கு 6இல் ஒன்று போட்டு, வீட்டுக் கூடத்தில் அதை மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். முகம் மங்கலாகத் தெரிந்தால் கால் ஸ்டாப் தூக்கிவிட்டுப் பெரியதற்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்தால் சட்டம் போட நேரம் இருக்கும். மேட் தாளில் போடச் சொல்லுங்கள், பளபளப்புத் தாள் என்றால் வாசல் வெளிச்சம் அதில் அடித்து ஆச்சியை மறைக்கும்.