இடையகமா, தட்டா, மாடமா? பிஎம்சி இயக்கிக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

கீழக்கரையிலிருந்து:

நம் தமிழ்க் கையேட்டில் பிஎம்சிக்கு, அதாவது சர்வர் பலகையில் தனியாக இருந்து சர்வரைக் கண்காணிக்கும் சில்லுக்கு, என்ன பெயர் என்ற வழக்கை "மேற்பார்வைச் சில்லு" என்பதோடு முடித்துவிடலாம். "காவல் சில்லு" என்றால் சாவிகளைப் பூட்டிவைக்கும் டிபிஎம் சில்லோடு குழம்பும். "தண்டல்" நம் கரையில் படகை நடத்துபவர், சென்னையில் தினவட்டி.

உண்மையான சிக்கல் கேசிஎஸ், அதாவது சர்வரும் பிஎம்சியும் ஒவ்வொரு பைட்டாகப் பேசிக்கொள்ளும் இடைமுகத்தின் நிலைப் பதிவகத்தில் இருக்கிறது. பைட் எடுக்கப்படும்வரை தங்கும் இடம் (பஃபர்) தான் இடையகம். பிட் 1 "உள்ளீட்டு இடையகம் நிறைந்தது", பிட் 0 "வெளியீட்டு இடையகம் நிறைந்தது" என்று கையேட்டில் போட்டிருக்கிறோம். யாருக்கு உள்? யாருக்கு வெளி? இந்தப் பேச்சுக்கு விதி வகுக்கும் தரநிலையான, 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 ஆவணம் பிஎம்சி பக்கம் நின்று பேசுகிறது. இயக்கி (பிஎம்சியோடு பேசும் சர்வர் நிரல்) எழுதுபவரோ சர்வர் பக்கம் நிற்கிறார். "வெளியீடு" என்றதும் தான் அனுப்புவது என்று நினைத்து, பிட் 1க்குப் பதில் பிட் 0 காலியாகக் காத்திருப்பார். அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பிஎம்சி முந்தைய பைட்டை எடுப்பதற்குள் அடுத்தது அதன்மேல் விழும். நடப்பதைத் திரையில் காட்ட நிரலில் நடுநடுவே அச்சுவரி சேர்த்துப் பார்த்தால் அந்தத் தாமதத்தில் எல்லாம் சரியாக ஓடும். வரியை நீக்கினால் மறுபடி விழும். பிழை தேடுபவரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் வகை இது.

ஆகவே திசையைச் சொல்லாத பெயர் வேண்டும்: உள்ளீட்டு இடையகத்துக்குக் கேள்வித்தட்டு, வெளியீட்டு இடையகத்துக்குப் பதில்தட்டு.

மண்டபத்திலிருந்து:

காக்கா, "கேள்வி", "பதில்" இரண்டும் கச்சிதம். எந்தப் பக்கம் நின்றாலும் பொருள் மாறாது. "தட்டு"தான் இடிக்கிறது. வன்தட்டு என்று ஏற்கெனவே இருக்கிறது. சர்வர் பற்றிய நூலில் பக்கத்துக்குப் பக்கம் அதுவும் வரும். பெட்டி, கூடை என்றால் நிறையக் கொள்ளும் என்று தோன்றும். இங்கே கொள்வது ஒரே ஒரு பைட். விளக்கு மாடத்தில் ஒரு விளக்குக்குத்தான் இடம். கேள்விமாடம், பதில்மாடம் என்றால் என்ன?

சாதன அடையாளம் கேட்கும் கட்டளையில் வைத்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் பதினாறடிமானம் (ஹெக்ஸ்). வழக்கமான முகவரிகள் தரவுக்கு சிஏ2, கட்டளைக்கும் நிலைக்கும் சிஏ3.

கேள்விமாடம் காலியாகும்வரை பொறு. கட்டளை முகவரியில் தொடக்கக்குறி 61 எழுது. மறுபடி காலியாகட்டும், நிலை "எழுதல்"தானா பார், பதில்மாடத்தில் ஏதாவது கிடந்தால் படித்து எறி. தரவு முகவரியில் கேள்வியின் முதல் பைட் 18. அதே காத்திருப்பு, அதே சோதனை. கடைசி பைட்டுக்கு முன் கட்டளை முகவரியில் முடிவுக்குறி 62, பிறகு தரவு முகவரியில் 01. இனி நிலை "படித்தல்" ஆகும். பதில்மாடம் நிறையும்போதெல்லாம் ஒரு பைட் எடு, தரவு முகவரியில் 68 போட்டு அடுத்ததைக் கேள்.

நிலை "ஓய்வு" ஆனதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பதில்மாடத்தில் இன்னும் ஒரு வெற்று பைட் வரும். அதையும் எடுத்தால்தான் கணக்கு முடியும். இடையில் நிலை "பிழை" என்று வந்தால் 60 எழுதி மீட்க வேண்டும், அதுவும் எண்ணி இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்து. வரம்பில்லாத சுழற்சி, தொங்கிப்போன பிஎம்சியோடு சேர்ந்து தானும் தொங்கும்.

ஒரு சந்தேகம். கட்டளை, தரவு இரண்டுமே கேள்விமாடத்தில்தானே விழுகின்றன?

கீழக்கரையிலிருந்து:

ஆமாம் தம்பி, மாடம் ஒன்றுதான். கடைசியாக வந்தது எந்த முகவரி வழியாக என்பதை பிட் 3 சொல்லும். அதற்கு "வகைபிட்" போதும். தட்டைக் கைவிட்டேன், மாடமே இருக்கட்டும்.

பிட் 2 பாக்கி. பிஎம்சிக்குத் தானாகச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று காட்டுவது. "எச்சரிக்கை பிட்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வருவதெல்லாம் எச்சரிக்கை அல்ல, அதனால் "கவனக்கொடி" என்கிறேன். ஆனால் விளக்கத்தில் பாம்பன் துறைமுகத்துப் புயல் கூண்டைச் சொல்லலாம். கூண்டாவது எண்ணைக் காட்டும். இந்தக் கொடி அதையும் காட்டாது. என்ன செய்தி என்று தெரிய, செய்திக்கொடிகளைக் கேட்கும் கட்டளையை (31) அனுப்பியாக வேண்டும். கொடியைக் கண்டதும் பதில்மாடத்தில் கைவிட்டால் அங்கே ஒன்றும் இருக்காது.

மூன்றாம் பகுதியில் மாற்றிவிடுகிறேன். படம் 2இல் அம்புக்குறிகளுக்கு மேல் இன்னும் "உள்ளீடு" என்றே இருக்கிறது. அதை நீங்கள் திருத்துங்கள்.