புதுப்பிப்பு: ஆறு லட்சத்துக்குள் பழைய எஸ்யுவி, வாங்கியாச்சு

ஆறு லட்சத்துக்குள் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டா, மாருதி பிரெஸ்ஸாவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு வண்டி பார்த்தேன். மேலே பளபளப்பு. மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கி டார்ச் அடித்ததும் பேச்சே வரவில்லை. கதவின் அடிவிளிம்பு, சைலன்சர் எல்லாம் உப்புக்காற்று தின்ற துரு. மேலே கருப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். "கடலோர வண்டி வேணாம் தம்பி, மதுரைப் பக்கம் பாருங்க" என்றார்.

எக்கோஸ்போர்ட் ஓட்டப் பிடித்திருந்தது. ஆனால் ஃபோர்டு 2021-லேயே இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உதிரி பாகத்துக்கு அலையத் தெம்பில்லை. கடைசியில் மதுரையில் 2017 டீசல் பிரெஸ்ஸா, 5.60 லட்சம். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இருந்த கடன் பதிவை நீக்கிய பிறகே மீதிப் பணம் கொடுத்தேன். மிச்சத்தில் அடியில் துரு தடுப்புப் பூச்சு.

தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே அடிப்பக்கம் கழுவுகிறேன். குடிக்கவே நல்ல தண்ணிக்கு அலையும் ஊரில் இது வேறயா என்று வீட்டில் திட்டு.