மறுமொழி: ‘வழியிறப்பு’ வேண்டாம், ‘சாவரத்து’ என்போம்

> ‘வழியிறப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. வண்டியில் வரும்போதுதானே சாகின்றன?

குழுவினருக்கு வணக்கம். பண்ணையிலிருந்து கோழி வெட்டும் ஆலைக்கு வந்து சேரும்போதே செத்துக் கிடக்கும் கறிக்கோழிகளின் கணக்கைக் குறிக்கத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ‘வழியிறப்பு’ என வைக்கலாம் என்ற மேற்கண்ட கருத்துக்கே இந்த மறுமொழி.

அப்படி வைக்கக் கூடாது என்பேன். ஆலையில் பெட்டிகளை இறக்கும்போது எத்தனை கோழிகள் செத்துக் கிடக்கின்றன என்பதைத்தான் எண்ணுகிறார்கள். அவை எங்கே, எதனால் செத்தன என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை. ‘வழி’யைச் சேர்த்தால் பழி முழுவதும் ஓட்டுநர் தலையில் விழும்.

பிடிப்பின்போது, அதாவது பண்ணைக் கொட்டகையில் கோழிகளைப் பிடித்துப் பெட்டிகளில் அடைக்கும்போது, நடப்பதைப் பாருங்கள். விளக்கைக் குறைத்து, பெரும்பாலும் இரவில், கறிக்கோழிகளைக் காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்குகிறார்கள். ஒரு கையில் மூன்று நான்கு. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ அளவுக்கு வளர்ந்த உடல் அது. ஒற்றைக் காலில் தொங்கவிட்டால் பாரமெல்லாம் ஒரே மூட்டில் இறங்கும். அப்படியே வீசி ஆட்டினால் தொடையெலும்பு இடுப்பிலிருந்து கழன்று, இரத்தக்குழாய் கிழிந்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். அந்தக் கோழி வண்டியில் உயிரை விட்டாலும் அதன் சாவு கொட்டகையில் தொடங்கிவிட்டது. இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் கோத்த கோழிகளோ, பிடிக்கும் முன்பே நோய்ப்பட்டவை.

வண்டியின் பங்கும் சிறிதல்ல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நெருக்கி அடுக்கிய பெட்டிகளுக்குள் காற்று ஈரமேறினால் அதுவும் பலிக்காது. வெயிற்காலத்தில் ஓடும் வண்டியைவிட நிறுத்திவைத்த வண்டியைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

ஆகவே காரணம் சொல்லாத சொல்லே நமக்குத் தேவை. அதற்கு முன்மாதிரி தமிழிலேயே இருக்கிறது: சாப்பிள்ளை. பிறக்கும்போதே உயிரில்லை என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. சந்தைக்கு வந்து சேரும் சரக்கை வணிகர்கள் ‘வரத்து’ என்கிறார்கள். இரண்டையும் இணைத்து ‘சாவரத்து’ என்கிறேன். ‘சாவரவு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அதைச் சாவு + அரவு என்று பிரித்துப் பாம்பாக்கிவிடுவார்கள். ‘சாவரத்து விழுக்காடு’, ‘பண்ணைவாரிச் சாவரத்து’ என்றெல்லாம் பதிவேட்டில் தடையின்றி எழுதலாம்.

பிடிப்பை ‘அறுவடை’ என்று சொல்லும் முன்மொழிவை நான் ஏற்கவில்லை. நெற்கதிருக்கு மூட்டும் இல்லை, அச்சமும் இல்லை. ரப்பர் விரல்கள் சுழன்று கோழிகளை அள்ளும் இயந்திரத்தையும் ‘பிடிபொறி’ என்றாலே விளங்கும்.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. சாவரத்து குறைந்தாலே பிடிப்பு ஒழுங்காக நடந்தது என்று பொருளில்லை. இறக்கை முறிந்தும் தொடை கன்றியும் உயிரோடு வந்து சேரும் கோழிகள் அந்தக் கணக்கில் வரமாட்டா. கன்றல் சிவந்திருந்தால் அடி புதிது. பச்சை பாய்ந்திருந்தால் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும், பெரும்பாலும் பிடிப்பதற்கு முன்பே பட்ட அடி. இப்படி அடிபட்டு வருபவற்றை ‘ஊறுவரத்து’ எனலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.