எலும்பு கூடிய பிறகும்

"ஒரு வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இன்னும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்துவிட்டார்கள். காலும் மனமும் அந்தப் படத்துக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கின்றன.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் வேலை. காலையில் வேலைக்குப் போகும் வழியில், அவிநாசி சாலையில், என் கணவர் ஓட்டிய ஸ்கூட்டரைப் பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. 108 வந்தது, மருத்துவமனையில் சேர்த்தார்கள், அறுவை செய்து எலும்புக்குள் ராடு, அதாவது உலோகக் கம்பி, வைத்தார்கள். விபத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

ராடு வைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை முழங்காலின் முன்பக்கம் கீறித்தான் எலும்புக்குள் இறக்குகிறார்கள். அதனால் முறிந்த இடம் ஆறிய பிறகும் முழங்காலின் முன்பக்கம் வலிப்பது நிறையப் பேருக்கு உண்டு என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார். அதுவரை ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்துப் பல இரவுகள் பயந்து கிடந்தேன். மண்டியிட்டால் சுருக்கென்று குத்துகிறது. சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு.

உறவினர்கள் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் கொண்டுவந்தார்கள், சந்தோஷமாகச் சாப்பிட்டேன். ராடு இருக்கும் காலுக்குப் புத்தூர் கட்டு போடுவதும், எண்ணெய் போட்டு உருவுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் நான் உறுதியாக நின்றது சரிதான்.

உண்மையில் காலைத் தேற்றியது பயிற்சிதான். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, பத்து எண்ணும்வரை கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் தொடைச் சதை அதில்தான் திரும்பி வருகிறது. தையல் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அவ்வப்போது அளந்து பார்க்கிறேன். வலது தொடை இன்னும் மெலிந்துதான் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பியபோது முதலில் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். கூலி குறைவு. பிறகு நானே கேட்டு மெஷினுக்குப் போனேன். பெடலின் முன்பக்கத்தைப் பாத நுனியால் அழுத்தினால் மெஷின் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். என் கணுக்கால் விறைத்துப் போயிருந்ததால் குதிகால் இறங்கத் தாமதமாகும், அதற்குள் துணி இரண்டு அங்குலம் தாண்டி ஓடிவிடும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, வேலை செய்பவருக்கு அந்த இரண்டு அங்குலம் என்னவென்று தெரியும். பக்கத்து மெஷின் அக்கா ஒன்றும் சொல்லாமல் என் பீஸ்களை எடுத்துத் தப்பிப் போன தையலைப் பிரித்துக் கொடுப்பார். அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மனசு வேறு கதை. ஏர் ஹாரன் கேட்டால் உடம்பு தானாகக் குறுகும். தூக்கத்தில் வேன் வரும். இதை யாரிடமும் சொல்லவில்லை. பிசியோதெரபி அறையில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு லாரி ஓட்டுநர் வருவார், பெரிய மீசை, அதட்டலான குரல். ஒருநாள் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது, "கனவில் பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது, அம்மிணி" என்றார். அவருக்கே அப்படியென்றால் எனக்கு வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த வாரமே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். துணைக்குக் கணவரும் வந்தார்.

மருத்துவர் என்னிடம் எல்லாம் கேட்டு முடித்தார். விபத்துக்குப் பிறகு பயமும் கெட்ட கனவும் கொஞ்ச நாள் இருப்பது இயல்பு, ஒரு மாதம் தாண்டியும் வாழ்க்கையை முடக்கினால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த என் மருந்துச் சீட்டை எடுத்தார், மடித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் அழுதார். அத்தனை மாதமும் என்னைத் தூக்கி உட்கார வைத்தவர், கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப் போனவர், வண்டியை ஓட்டியது நான்தானே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார். அடிபட்டவரை எல்லோரும் நலம் விசாரிக்கிறார்கள். வண்டி ஓட்டியவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து இன்றே கேளுங்கள்.

இருவருக்கும் சேர்த்தே பயிற்சி சொன்னார்கள். முதலில் வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் சும்மா உட்கார்ந்தோம். பிறகு தெருமுனை வரை, பிறகு மாரியம்மன் கோயில் வரை. நடுங்கினால் இறங்கிவிடாமல், மூச்சைச் சீராக்கி நடுக்கம் தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், நேரமும் வழியும் வேலையோடு பொருந்தினால் அதுவும் பணிக்காயம்தான். 2010-இல் வந்த சட்டத் திருத்தம் அது. சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருடத்தில் 91 நாள்தான். பணிக்காயம் என்று பதிவானால், வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். எங்கள் லைனில் ஒருவருக்கும் இது தெரியாது. மாமனாரின் நண்பர், ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர், சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. விபத்து அறிக்கையைக் கம்பெனி அனுப்பிவிட்டதா என்று படுக்கையில் இருக்கும்போதே ஆள் விட்டு விசாரியுங்கள்.

இப்போது என் முன்னால் நிற்பது ராடை எடுப்பதா, விடுவதா என்ற கேள்வி. தொந்தரவு இல்லையென்றால் அப்படியே இருக்கலாம், முழங்கால் வலி தாங்கவில்லையென்றால் எடுக்கலாம், எடுத்தாலும் வலி முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: மண்டியிட முடிகிறதா? வேலைக்குத் திரும்ப எத்தனை வாரம் ஆனது?