புதுப்பிப்பு: ஸ்லீவா, பைபாஸா?

எடைக்குறைப்பு ஆபரேஷன் யாருக்கு என்று முன்பு எழுதியதில், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 27.5 முதலே யோசிக்கலாம் என்றிருந்தேன். ஒரு திருத்தம்: அது மருத்துவக் கணக்கு. இன்ஷூரன்ஸ் கணக்கு வேறு. 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை போன்ற தீவிர நோயோடு 35. பாலிசியைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள்.

காரைக்குடிப் பக்கம் பலரும் கேட்டது, இந்த ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகையில் எது நல்லது என்று. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் முதலில் எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) பாருங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துக் குழாயாக்குவதால் உள்ளே அழுத்தம் ஏறும், அமிலம் மேலே வரும். அவர்களுக்கு, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸே பொருந்தும்.

பைபாஸில் சிக்கல் பலகாரத் தட்டில். நாலு பால் பணியாரம் தின்றால் சர்க்கரை நேரே சிறுகுடலில் இறங்கித் தண்ணீரை இழுக்கும்; படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு.

எந்த ஆபரேஷன் ஆனாலும், அதன் பிறகு விருந்தென்றால் இலையில் முட்டை, மீன் முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமாவது வேண்டும், முட்டைக்கு 6 தான் தேறும். சாப்பிட்டு அரைமணி கழித்தே தண்ணீர். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி. வைட்டமின் பி12 ஆயுசுக்கும் எடுக்க வேண்டும்.